மேய்க்க ஆடில்லாத நாய்

புனே

அன்புள்ள அம்மாவுக்கு அகிலா எழுதுவது. நீயும் அப்பாவும் சுகமா? அப்பாவின் முட்டிவலி குறைந்ததா? இங்கே நாங்கள் நலம். ஆபீஸ், பிள்ளை, நாய் என்று ஓடுவதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

உன் மாப்பிள்ளை ஆசையாக வாங்கிவந்த கார்கி நாய், மாடு ஆடு மேய்க்கிற இனம். இரண்டு அறை வீட்டில் மேய்க்க ஆட்டுக்கு எங்கே போகும்? ஓடப் பழகும் நம் இனியனைத்தான் வளைத்து வளைத்து மடக்குகிறது. நேற்று குதிகாலைக் கவ்விவிட்டது. சின்னக் கீறல்தான், ஊசி போட்டாயிற்று, பயப்படாதே.

“அதோட சுபாவம் அது. கொஞ்ச நாள் பையனை உங்கம்மாகிட்ட விட்டுட்டு வாயேன்” என்றார் அவர்.

“நாயை யார்கிட்டனா குடுக்கலாமில்ல?”

“அது நம்மள விட்டு இருக்காதுமா. ஏங்கிப்போயிடும்.”

ஒன்றரை வயதுப் பிள்ளை ஏங்க மாட்டான் போலிருக்கிறது. நாய்மேல் எனக்குக் கோபமில்லை. அதற்கு முடி வாரி, இரண்டு வேளையும் ஓடவிடுபவள் நான்தான்.

அப்பாவிடம் சொல்லி, தறியில் கால் விடும் குழியைச் சுற்றிப் பலகை அடித்து வை. மாதக் கடைசியில் இனியனை அழைத்து வருகிறேன். விட்டுவிட்டுத் திரும்ப அல்ல, நானும் அங்கேயே இருக்கத்தான். அவரிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் போனில் உளறிவிடாதே.

நாய் கதவைப் பிறாண்டுகிறது, வெளியே கூட்டிப்போக வேண்டும். மாதக் கடைசிக்கு அப்புறம் அது அவர் பாடு.

அகிலா