பெட்டி பத்திரமா?

மார்ச் 3

அன்புள்ள மேஸ்திரிக்கு,

நலம். வீட்டில் எல்லோரும் நலம்தானே? தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் திரைப்படச் சங்கத்தில் அந்தப் பழைய ஹாலிவுட் காட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிப் போய்விட்டாயே, கோபமா, வயிற்று வலியா? ஆண்டு விழாவுக்காக அதே படத்தை 28ஆம் தேதி மறுபடியும் போடுகிறோம். கூடவே ஒரு மலரும் வருகிறது. ‘பார்வையாளர் கருத்து’ பகுதிக்கு எல்லோரும் எழுதிவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் சிங்கத்தைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம். கணக்கு வாத்தியார், அத்தனை மழையிலும் கலையாத கதாநாயகியின் கூந்தலைப் பற்றி. ஒரே புகழ்மாலை, படித்துப் படித்து அலுத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உரிமையில் கேட்கிறேன், நீ பத்து வரி எழுதிக் கொடு. மனசில் பட்டதை எழுது.

உன் ஒல்லி
(செயலாளர்)


மார்ச் 7

டேய் ஒல்லி,

வயித்து வலி இல்ல. நீ கேட்ட கருத்து இதுதான்.

படத்துல நாலு வெள்ளைக்காரத் துரைங்க பின்னாடி பன்னெண்டு சுமைக்காரங்க தலையில பெட்டி வெச்சுக்கிட்டு நடக்கறாங்க. அத்தனையும் காலிப் பெட்டி. இருபத்தாறு வருஷமா சரக்குக் கிடங்குல மூட்டை தூக்கறவன் சொல்றேன். அம்பது கிலோ தலையில இருக்கறவன் கழுத்தைத் திருப்பிப் பேசமாட்டான், முட்டியை லேசா மடக்கித்தான் நடப்பான். இவங்க என்னடான்னா கல்யாண ஊர்வலத்துல போற மாதிரி போறாங்க. சரி, நடிக்க வந்தவங்க, கழுத்தாவது தப்பிச்சுதேன்னு சந்தோஷம்.

ஆனா அந்தப் பன்னெண்டு பேர் என்ன ஆனாங்க? முதலை ரெண்டு பேரைத் தின்னுது. அம்புல மூணு பேர். தொங்குபாலம் அறுந்து அஞ்சு பேர் ஒரே நேரத்துல போறாங்க. ஒருத்தன் காய்ச்சல்ல, ஒருத்தன் புதைமணல்ல. ஒருத்தனுக்கும் பேர் கிடையாது. பாலம் அறுந்ததும் வேட்டைக்காரத் துரை ஓடி வந்து கேக்கற முதல் கேள்வி, “பெட்டி பத்திரமா?” கடைசியில நாலு துரைங்களும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு, “ஒருத்தரையும் இழக்காம வந்து சேர்ந்துட்டோம்”னு சொல்றாங்க. கீழ எழுத்துல அப்படித்தான் ஓடிச்சு. நான் நல்லா படிச்சேன்.

ரெண்டு மாசம் முன்னாடி எங்க கிடங்கு ஆளு சுருட்டை, லாரி மேலேர்ந்து பெட்டியோட விழுந்தான். சூப்பர்வைசர் ஓடி வந்தான். கேட்டது அதே கேள்விடா, அட்சரம் மாறல. சுருட்டைக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு இன்னும் படுத்த படுக்கை.

பாலம் அறுந்தப்ப அரங்கமே சிரிச்சுது. நீயும் சிரிச்ச. இதையும் சேர்த்துப் போடு.

மேஸ்திரி


மார்ச் 16

அன்புள்ள மேஸ்திரிக்கு,

மலர் தயார். உன் பங்குக்கு இரண்டு பிரதி கிடங்கு விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறேன். இடம் போதாததால் உன் கருத்தைக் கொஞ்சம் சுருக்க வேண்டியதாயிற்று. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அட்டை எப்படி இருக்கிறது என்று எழுது.

உன் ஒல்லி


மார்ச் 18

செயலாளர் அவர்களுக்கு,

அட்டை ரொம்ப நல்லா இருக்கு. உள்ளதான் நாத்தம்.

“துரையின் வீரம் கண்டு மெய்சிலிர்த்தேன். எங்களைப் போன்ற சுமைக்காரர்களுக்கும் இடம் கொடுத்த நல்ல படம். – கிடங்கு மேஸ்திரி.” இதாடா சுருக்கறது? மெய்சிலிர்த்ததாம்! நான் சிலிர்த்தது வாழ்க்கையில ரெண்டே தடவை, ரெண்டும் ஜுரத்துல.

நான் பார்க்கறதுக்கு முன்னாடியே கிடங்குல பசங்க சத்தமா வாசிச்சுட்டாங்க. யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. அதுதான் தாங்கல. சாயங்காலம் சுருட்டையைப் பார்க்கப் போனேன். பசங்க ஒரு பிரதியை அங்கயும் கொடுத்திருக்காங்க, அவன் பொண்டாட்டி அவனுக்குப் படிச்சுக் காட்டியிருக்கா. “அண்ணே, நீயுமா?”ன்னு கேட்டுட்டு சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான். இனி அவன் முகத்துல நான் எப்படிடா முழிக்கறது?

28ஆம் தேதிக்குள்ள நான் எழுதினதை எழுதினபடி போடணும். ஒரு வார்த்தை குறையக் கூடாது.

மேஸ்திரி


மார்ச் 20

அன்புள்ள மேஸ்திரிக்கு,

உன் கோபம் நியாயம்தான். ஆனால் எங்கள் சங்கத் தலைவர் யார் தெரியுமா? உங்கள் கிடங்கு முதலாளியின் சம்பந்தி. நீ எழுதினது அச்சில் வந்தால் மறுநாளே உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உன் நல்லதுக்குத்தான் செய்தேன். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் தப்பு.

வேண்டுமானால் எல்லாப் பிரதிகளிலும் உன் பெயரை மட்டும் அடித்துவிடுகிறேன். இதோடு விட்டுவிடு, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஒல்லி


மார்ச் 23

ஒல்லி,

பேரை அடிப்பியா? அடிச்சா நானும் அந்தப் பன்னெண்டு பேர் மாதிரிதான். வேலை என்னுது, வயிறு என்னுது, போனா நான் பார்த்துக்கறேன். என் வாய்ல உன் பேச்சைத் திணிக்கற வேலையை மட்டும் வெச்சுக்காத.

28ஆம் தேதி காட்சிக்கு முதல் வரிசையில பன்னெண்டு டிக்கெட் வாங்கியாச்சு. கிடங்குலேர்ந்து பதினோரு பேர் வர்றோம். படத்துல ஒரு சுமைக்காரன் செத்தா எங்கள்ல ஒருத்தன் எழுந்து வெளிய போவான். சத்தம் போடமாட்டோம், யாரையும் திட்டமாட்டோம். காய்ச்சல்ல சாகறவன் நான். அதுவரைக்கும் உக்காந்திருப்பேன்.

பன்னெண்டாவது சுருட்டை இடம். அவனால எந்திரிக்க முடியாது. அந்த டிக்கெட்டை இதோட வெச்சிருக்கேன். தலைவர் பக்கத்துல உக்காருவியோ, அங்க உக்காருவியோ, உன் இஷ்டம்.

மேஸ்திரி


மார்ச் 28, ஞாயிறு மாலை

மேஸ்திரி,

நீங்கள் வெளியே போனபிறகு உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

நான் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாலம் அறுந்ததும் உன் ஆட்கள் ஐந்து பேர் சேர்ந்து எழுந்தார்கள் பார், அப்போது ஒருத்தரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து தலைவர் என் தோளைத் தட்டி, “அவங்களை உக்காரச் சொல்லுய்யா” என்றார். “மாட்டேன்” என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

நீயும் போனபிறகு வரிசையில் நான் ஒருத்தன். என் முறை புதைமணல், அதுவரைக்கும் காத்திருக்க முடியவில்லை. நேரே ஆபரேட்டரிடம் போய்ப் படத்தை நிறுத்தச் சொன்னேன், விளக்கைப் போடச் சொன்னேன். மேடையேறி உன் 7ஆம் தேதிக் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். மலரில் வந்தது நான் எழுதினது, மேஸ்திரி எழுதினது இதுதான் என்று சொன்னேன்.

மருந்துக்கடைக்காரர், “படத்தைப் போடுய்யா!” என்று கத்தினார். கணக்கு வாத்தியார் எழுந்து, “அந்தச் சுருட்டை இப்ப எப்படி இருக்கார்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உன் கடிதம் வந்து மூன்று வாரமாகியும் ஒரு நடை போய்ப் பார்க்கவில்லை. அதையும் மேடையிலேயே ஒப்புக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, மேஸ்திரி.

செயலாளர் பதவி அங்கேயே போய்விட்டது, தொலையட்டும். ஆனால் தலைவர் இன்னொன்றும் சொன்னார். “நாளைக்கு அந்தப் பதினோரு பேருக்கும் கிடங்கு கேட் திறக்காது.” வெறும் மிரட்டல் இல்லை, என் எதிரிலேயே சம்பந்திக்குப் போன் போட்டார்.

தபாலுக்கு நேரமில்லை, இதை உன் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். கதவைத் தட்டி உன் முகத்தைப் பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை. காலையில் ஏழு மணிக்கு கேட் முன்னால் நிற்பேன். நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை. சாத்தினால் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்துச் சாத்தட்டும்.

ஒல்லி