வெள்ளப் பக்கத்தில் ஒரு பென்சில் கோடு

அன்புள்ள பெரியவளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் சின்னவளும் சுகம். அந்தக் குளிரில் நீ சளி பிடிக்காமல் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் காலை ஜெபம். கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பயந்துவிடாதே. பேக்கரியில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறார்கள், அதனால் நான் சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுகிறாள். வலி குறைந்துவிட்டது. தட்டு தூக்க வேண்டாம் என்று முதலாளி என்னைக் கல்லாவில் உட்கார வைத்திருக்கிறார், இடது கையால் நான் சில்லறை எடுப்பதற்குள் வரிசை கதவைத் தாண்டிப் போய்விடுகிறது. அப்பா சமைக்கிறார். சாப்பிடுகிறோம், அதற்கு மேல் கேட்காதே.

உன் கடிதம் வந்த அன்றே மூன்று பேரும் உட்கார்ந்து வாசித்தோம். வேதாகமம் எப்படி உருவானது என்று ஒரு வருடம் முழுக்கப் பாடமே நடத்துகிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியம். வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பேர் எழுதியதைப் பிறகு ஒருவர் சேர்த்திருக்கலாம் என்றும், வெள்ளத்தின் கதையில் இரண்டு கதைகள் பின்னல் மாதிரி பின்னிக் கிடக்கின்றன என்றும், ஒரு இடத்தில் மிருகங்கள் ஒவ்வொரு ஜோடி, இன்னொரு இடத்தில் சிலவற்றில் ஏழு ஏழு ஜோடி என்று வருகிறது என்றும் எழுதியிருந்தாய். பிரதி எடுத்தவர்கள் ஓரத்தில் எழுதிவைத்த குறிப்பை அடுத்து எடுத்தவர் தெரியாமல் உள்ளே சேர்த்துவிடுவதும் உண்டு என்று வாசித்தபோது அப்பா சிரித்துவிட்டார். நான்தான் கொஞ்சம் பயந்தேன். இவ்வளவு பிரித்துப் பார்த்தால் பிறகு ஜெபிக்கத் தோன்றுமா என்று கேட்டேன். அதற்கு அவர், அவ படிக்கட்டும் விடு, கேள்வி கேட்டா கோவிச்சுக்கிற கடவுளா நம்ம கடவுள் என்றார். எனக்கும் சமாதானமாயிற்று. ஆனால் ராத்திரி ஜெபத்தை மட்டும் விட்டுவிடாதே.

வகுப்பில் ஒப்பிட்டுப் பார்க்க நம் வீட்டுப் பழைய வேதாகமம் வேண்டும் என்று கேட்டிருந்தாய். அதைப் பற்றி யோசித்தேன். உன் பேராசிரியர் சொன்னது நம் வீட்டுக்கு ஒன்றும் புதிதல்ல. உன் தங்கை பத்து வயதிலேயே ஞாயிறு பள்ளியில் எழுந்து நின்று, ஒரு ஜோடியா ஏழு ஜோடியா என்று இதையேதான் கேட்டாள். டீச்சர், எண்ணிப் பாக்கிறதுக்கு நீ என்ன கணக்குப்பிள்ளையா, உக்காரு என்றார். முதலில் சிரித்தது நீ. வீடு வரைக்கும் கணக்குப்பிள்ளை, கணக்குப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொண்டே வந்ததும் நீ. பிரசங்கத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கியவளுக்கு இன்று பேராசிரியர், நூலகம், ஜன்னல் ஓரத்து மேசை எல்லாம் கிடைத்திருக்கிறது. ஏதோ நீயே கண்டுபிடித்த மாதிரி ஆச்சரியக்குறி போட்டு எழுதுகிறாய். ஒரு தாயாக இது எனக்கு மிகுந்த மனவேதனை அளிக்கிறது. ஆகவே மேற்படி புத்தகத்தை அனுப்ப இயலாது என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

அக்கா, இந்த இடத்தில் அம்மா நிறுத்தச் சொல்லி, எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். வேகமாக வாசித்தால் தெரியாது என்று நினைத்தேன். மேற்படி என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். நான் எந்தக் காலத்துலடி மேற்படி சொன்னேன், ஓரத்துல எழுதினதை உள்ளே சேக்கிற ஆள் அந்தக் காலத்துல மட்டும்தான் இருந்தாங்கன்னு நெனச்சேன், என் வீட்டுலயே ஒண்ணு இருக்கே என்றார். அம்மா சொன்னது, அதைப் பற்றி யோசித்தேன் என்பதோடு முடிகிறது, மீதி நான் சேர்த்தது. கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்று அழுதேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும், எது யார் பேச்சுன்னு பிரிச்சுப் பாக்கத்தானே அவ அங்க போயிருக்கா என்றார். பிறகு அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்: அந்தப் புத்தகத்தைத் தினம் எடுத்துப் படிக்கிறவ நீ, அவ உன்கிட்டல்ல கேட்டிருக்கணும், என்கிட்ட கேட்டா எப்படி, குடுக்கிறதும் குடுக்காததும் உன் இஷ்டம்.

அதற்குப் பிறகும் இரண்டு நாள் கொடுக்கக்கூடாது என்றே இருந்தேன். அந்த மேசை எனக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். உன் கடிதத்தை எல்லோரும் தூங்கியபிறகு நாலு தடவை படித்தேன், ஒவ்வொரு வரியிலும் எரிச்சல், ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை. அங்கே யாராவது அதைத் திறந்து வைத்து என் கேள்வியைப் பேசுவார்கள், இங்கே அலமாரியில் இருந்தால் நான் மட்டும்தான் பேசிக்கொள்ள வேண்டும். அதனால் அனுப்புகிறேன். வெள்ளம் வருகிற பக்கத்தில், ஏழு ஏழு என்ற இடத்தில் ஒரு பென்சில் கோடும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் இருக்கும். அன்று ஞாயிறு பள்ளியிலிருந்து வந்து போட்டது. அழிக்காதே. பேராசிரியரிடம் காட்டு. யார் போட்டது என்று கேட்பார். சொல்.

இனி அம்மா: ஸ்வெட்டரை மறக்காமல் போட்டுக்கொள். தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. சின்னவளுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, என்னுடையதோடு சேர்த்து மடித்து வைக்காதே. போகையிலும் வருகையிலும் கர்த்தர் உன்னைக் காப்பாராக.

இடது கையால் கோணலாகப் போட்ட கையெழுத்துடன்,
உன் அம்மா

எழுதியவள்: கணக்குப்பிள்ளை