வாக்கெடுப்புக்கு முந்தின டீ

அன்பு மருமகள் சிம்ரனுக்கு, டில்லியிலிருந்து தாய்மாமன் சண்முகராஜ் எழுதுவது. நான் நலம். அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இனி நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்கிறேன்.

நாளை நம்பிக்கை வாக்கெடுப்பு. ஒரே ஓட்டில் தொங்கும் அரசாங்கம், தன் எம்.பி.க்களை ஓடிவிடாதபடி எங்கள் விடுதியில் அடைத்து வைத்திருக்கிறது. அவர்களுக்கு வைகை அணை கொள்ளும் அண்டாவில் டீ போடுகிறவன் உன் மாமன். நான் தும்மினால் ஆட்சி கவிழும்.

தமிழ் பேசுகிற ஒரு எம்.பி.யிடம் மெல்லக் கேட்டேன். "வெளிநாட்டு ஏலக்காய்க்கு வரியை ஏத்துங்கய்யா. போடியில எங்க அக்கா வீட்டுல மூட்டை மூட்டையா விலைக்குக் காத்துக் கெடக்கு."

"எவுக வந்தாலும் ஏறாதுப்பா. ரெண்டு பக்கத்துக்காரகளும் சண்டை போடாம ஒத்துக்கிட்டது அது ஒண்ணுதான். நீ டீயை ஊத்து" என்றார்.

ஆட்சி மாறினால் விலை ஏறும் என்று காத்திருக்காதே. காயின் பச்சை வெளுப்பதற்குள் இந்த வாரமே ஏலத்தில் போட்டுவிடு. எனக்கு ஒரு பிடி மட்டும் அனுப்பு. இங்கே டீயில் போடுவதும் வெளிநாட்டுக் காய்தான்; பேச்சுத்துணைக்கும் ஆளில்லை, நம் காயையாவது முகர்ந்துகொண்டிருப்பேன்.

மணி அடிக்கிறார்கள், போகவேண்டும். அண்டாவும் தும்மலும் என் கைச்சரக்கு. அந்த எம்.பி. சொன்னது மட்டும் நிஜம்.