கை எட்டுகிற கயிறு

அம்முவின் அம்மாவுக்கு,

எர்ணாவூரில் உன் அம்மா நலமா? இங்கே நம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை நடக்கிறது. கல்லாப் பக்கத்தில் உன் நாற்காலிதான் காலி.

அன்று நீ குவாலிஸ் வண்டிக்கான பிரேக் சாமான் பெட்டியைப் பிரித்துவிட்டு, "வெளிய டொயோட்டான்னு போட்டுகீது, உள்ள டூப்ளிகேட் கீது. இத்த மாட்டின வண்டில நம்ம அம்முவ ஏத்துவியா, யோவ்?" என்று கேட்டாய். ஆட்கள் முன்னால் நான் கத்தியதைத் திரும்ப எழுத மாட்டேன்.

போன வாரம் ஒரு மெக்கானிக் அந்த டொயோட்டா கம்பெனிக் கதையைச் சொன்னார். முதலில் தறி செய்தவர்களாம். நூல் அறுந்தால் தறி தானே நிற்குமாம். கார் தொழிற்சாலையிலும் தப்பைப் பார்க்கிற எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாமாம்.

"நிறுத்துனா நஷ்டமாச்சே?" என்றேன்.

"அப்டி நின்னு நின்னுதான் பேரு வாங்கினான். அந்தப் பேரத்தான் நீ திருடி விக்கிற, நைனா" என்று சிரித்தார்.

அந்தச் சரக்கையெல்லாம் சம்மட்டியால் உடைத்துவிட்டேன். வாங்கிப்போனவர்களைத் தேடிப்பிடித்து நல்லதை மாட்டிக் கொடுத்தேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நீ கேட்டதால்தான். நன்றி.

கடையில் மணி கட்டிக் கயிறு தொங்கவிட்டிருக்கிறேன். தப்பைப் பார்த்தால் யாரும் இழுக்கலாம் என்று சொன்னேன். ஒருவரும் தொடவில்லை, என் வாய் அவர்களுக்குத் தெரியும். அதனால் கயிற்றை உன் நாற்காலிக்குக் கை எட்டுகிற மாதிரி மாற்றிக் கட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அன்று கத்தியவன்