மகரவின் பெயரைச் சொல்லக்கூடாது

கட்டாக், மகளிர் விடுதி
5 ஜூலை 1964

என் மகரா,

கல்லூரி திறந்துவிட்டது. உன் கட்டில் காலியாகக் கிடக்கிறது. அதன் மேல் ஈரப் புடவை காயப்போட வந்தவளை விரட்டிவிட்டேன்.

மாலை வருகைப் பதிவில் உன் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் மௌனம். நேற்று வார்டன் அம்மாள் என் பக்கம் திரும்பினார். “எங்கேடி உன் அறைத் தோழி? பேரைச் சொல்லிப் பதில் சொல்லு.” “பேரைச் சொல்ல முடியாதும்மா. அவ என் மகர” என்றேன். கூடமே சிரித்தது. “பி.ஏ. படிக்கிற பொண்ணா நீ? சங்கராந்திக்கு ரெண்டு பேரும் மகர அரிசியை ஊட்டிக்கிட்டு மகர தோழிங்க ஆனீங்க, சரி. அதுக்காக ஆயுசுக்கும் பேர் சொல்லமாட்டியா?” “ஆயுசுக்கும்தாம்மா.” அவரும் சிரித்துவிட்டார்.

இறுதியாண்டு. சீக்கிரம் வா. உன் பங்கு பருப்பையும் நானே குடிக்க வேண்டியிருக்கிறது. அது பருப்பா, மகாநதித் தண்ணீரா என்பதில் இந்த வருஷமும் தெளிவு பிறக்கவில்லை.

உன் மகர,
சசிரேகா


பலாங்கீர்
16 ஜூலை 1964

அன்பு மகரா,

என் கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல். நான் வரப்போவதில்லை.

கார்த்திகையில் கல்யாணம். மாப்பிள்ளை சம்பல்பூரில் ஓவர்சியர். ஒருமுறை பார்த்தேன்; நல்லவராகத் தெரிகிறார். ஆனால் அவருடைய அம்மா, “படிச்ச வரைக்கும் போதும்” என்று சொல்லிவிட்டார். அப்பா தலையாட்டிவிட்டார். பட்டம் வாங்கியபின் செய்யலாமே என்று கேட்டேன். “எட்டு மாசத்துல என்னத்தக் கத்துக்கப் போறே?” என்றார். அந்த எட்டு மாதம்தான் எனக்கு எல்லாமே என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

அலமாரியில் இருக்கும் என் புத்தகங்களை நீ வைத்துக்கொள். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பதைப் படித்துச் சிரிக்காதே. ஜனவரியில் நாம் விளையாட்டாகத்தான் மகர ஆனோம். இருந்தாலும் என் படிப்புக் காலத்தில் நடந்தவற்றில் அதுதான் மிக நல்லது. அதற்கு நன்றி.

குந்தலா


கட்டாக்
2 ஆகஸ்ட் 1964

மகரா,

விளையாட்டா? இந்த வாரம் கட்டாக்கை ஒட்டிய எங்கள் ஊருக்குப் போய் அம்மாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்துவிட்டாள். “அவளும் என் வயித்துப் பொண்ணு மாதிரிதான். என் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்காங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?”

“நீ பலாங்கீர் பக்கமே போனதில்லையேம்மா” என்றேன். “அதான் போறேன்” என்றாள். உங்கள் நுவாகாய்ப் பண்டிகை எப்போது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். என்னை வரக்கூடாது என்கிறாள். எனக்கு வகுப்பு இருக்கிறதாம். எச்சரித்துவிட்டேன். இனி உன் அப்பா பாடு.

சசிரேகா


பலாங்கீர்
14 செப்டம்பர் 1964

என் மகரா,

உன் அம்மா வந்தாள். ரயிலும் பஸ்ஸும் மாறி, தனியாக, ஒரு கூடை அரிசா பிட்டா அதிரசத்தைத் தூக்கிக்கொண்டு. வாசலிலேயே அப்பாவைப் பார்த்து, “என்ன சம்பந்தியாரே, சௌக்கியமா?” என்றாள். யாரென்று தெரியாமலே அப்பா கூடையை வாங்கி வைத்தார்.

நுவாகாய் அன்று புது அரிசி படைத்து, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தோம். நல்ல நேரத்துக்குள் வீட்டிலுள்ள அத்தனை பேரும் ஒன்றாகச் சாப்பிட்டாக வேண்டும். உன் அம்மா இலைமுன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“சாப்பிடுங்க, லக்னம் போயிடும்” என்றார் அப்பா.

“போகட்டும். என் பொண்ணோட பரீட்சையும்தான் போகுது.”

“உங்க பொண்ணா?”

“மகர அரிசி தின்ன நாள்லேர்ந்து அவளுக்கு ரெண்டு அம்மா. நீங்க ஒருத்தியைத்தான் கேட்டீங்க. நான் இன்னும் சம்மதிக்கல.”

என் அம்மா முக்காட்டுக்குள் சிரித்ததை நான் பார்த்தேன். பிறகு அவளும் மெதுவாக இலையிலிருந்து கையை எடுத்தாள். மகரா, என் அம்மா அப்பாவுக்கு எதிராக ஒன்றைச் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“மாப்பிள்ளை வீட்டுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?” என்றார் அப்பா.

“பொண்ணோட கட்டாக் அம்மா பொல்லாதவ, பரீட்சை முடியாம தரமாட்டேங்கறான்னு சொல்லுங்க. பழி என்மேல இருக்கட்டும். எனக்கு அது புதுசில்ல.”

குழந்தைகள் பசியில் முனக ஆரம்பித்தார்கள். அப்பா கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரி. பரீட்சைக்கப்புறம்” என்றார். உன் அம்மா உடனே ஒரு கவளம் எடுத்தாள்; எடுத்தது எனக்கு ஊட்ட.

சாப்பிட்டபின் எல்லோரும் பெரியவர்கள் காலில் விழுந்தோம். உன் அம்மா காலில் விழுந்தபோது எழுந்திருக்கவே மனம் வரவில்லை. விளையாட்டு என்று எழுதியதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “எழுந்திரு, இடுப்பு பிடிச்சுக்கப் போகுது” என்றாள்.

வியாழக்கிழமை வருகிறேன். கட்டிலிலிருந்து உன் துணிகளை எடு.

உன் மகர,
குந்தலா


சம்பல்பூர்
10 ஜூலை 1985

என் மகரா,

நம் விடுதிக்கே வார்டனான பிறகு நீ என் கடிதங்களுக்குப் பதில் போடுவதே இல்லை. அதனால் இந்தக் கடிதத்தை ஆள் கையில் கொடுத்தனுப்புகிறேன். கொண்டுவருகிற என் மகளை உனக்குத் தெரியும். பருப்பைப் பற்றி முன்பே சொல்லி வைத்திருக்கிறேன்.

இவளுக்குப் பெயர் வைத்தபோது, “உன் வாயால கூப்பிட முடியாத பேரை ஏன்டி வச்சே?” என்று கோபித்துக்கொண்டாய். என் மாமியாரும் அதையே கேட்டார். நான் இருவருக்கும் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

அந்த எட்டு மாதத்தில் கிடைத்த பட்டத்தால் நான் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். காலையில் சுண்ணக்கட்டியைக் கையில் எடுக்கும்போது, கையைக் கட்டிக்கொண்டு இலைமுன் உட்கார்ந்திருந்த நம் அம்மாவை நினைக்காத நாள் இல்லை. இவளைக் கட்டாக்கில் விடும்வரை அவள் இருந்திருக்கலாம். உன் பெயரை நான் சொல்லக்கூடாது. அதற்காக அது என் வீட்டில் ஒலிக்காமல் இருக்கலாமா? இத்தனை வருஷமும் நான் இவளை ‘மா’ என்றுதான் அழைத்தேன். மற்றவர்களெல்லாம் கிணற்றடியிலிருந்தும் தெருவிலிருந்தும் உன் பெயரைக் கூவிக்கொண்டே இருந்தார்கள். நான் அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இவள் வந்து சேரும் அன்று மாலை வருகைப் பதிவில் நீ “சசிரேகா” என்று கூப்பிட வேண்டியிருக்கும். பழக்கத்தில் நீயே பதில் சொல்லிவிடாதே. அவள் சொல்வாள்.

உன் மகர,
குந்தலா