மாடியில் இன்னொரு போன்

ஆகஸ்ட் 11, 1998

முதலாளி சபரிநாதன் மோடம் வாங்கச் சேலத்துக்குப் போகவில்லை. மச்சானுக்கு வியாபாரம் கொடுக்கப் போனார்.

எதை வாங்க வேண்டும் என்று சென்னைக் கம்பெனியின் குணசீலன் சார் போனில் தெளிவாகத்தான் சொன்னார். ஐம்பத்தாறு கே வேகத்தில் மோடம் இரண்டு வகை. ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது. இரண்டும் பழைய வேகத்துக்கு இறங்கித்தான் பேசிக்கொள்ளும். அவர்களிடம் இருப்பதையே நாங்களும் வாங்க வேண்டும். பெயரை எழுதிக் கொடுத்தேன். முதலாளி கொண்டுவந்தது மற்றது. மச்சான் கடையில் அதுதான் இருந்ததாம்.

“பாலு பாலுதான் அம்மிணி. எருமையா இருந்தா என்ன, மாடா இருந்தா என்ன?”

ஆகஸ்ட் 12

மோடத்துக்குப் பூஜை. குங்குமப் பொட்டு சரியாக மோடத்தின் சின்ன விளக்கின் மேல். லைன் கிடைத்ததா இல்லையா என்றே தெரியவில்லை. நகத்தால் சுரண்டினேன்.

ஆகஸ்ட் 13

வந்துவிட்டது! சென்னையில் ஸ்கேன் செய்த பக்கங்கள் நாமக்கல்லில், எங்கள் திரையில். இதுவரை பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்பிய பார்சலுக்காகக் காத்துக் கிடந்தோம். இனி காலையில் பக்கங்களை இறக்கி, ஆபீசின் எட்டுப் பெண்களும் டைப் அடித்து, மாலைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்.

சந்தோஷம்தான். ஆனால் நத்தை வேகம். சரியான மோடமாக இருந்தால் பாதி நேரத்தில் இறங்கியிருக்கும்.

ஆகஸ்ட் 18

லைன் பாதியில் அறுந்தது. மறுபடி முதலிலிருந்து. மாலைக்குள் வேலை முடியவில்லை.

காரணம் மாடியில் இருக்கிறது. ஆபீசுக்கும் மேலே முதலாளி வீட்டுக்கும் ஒரே லைன். அங்கே ரிசீவரை எடுத்தால் இங்கே எல்லாம் போச்சு. முதலாளியின் மனைவி வசந்தாமணி அக்கா எருமப்பட்டியில் இருக்கும் தங்கச்சியைக் கூப்பிட எடுத்திருக்கிறார்.

“கொர்ருன்னு ஒரே சத்தம் கலை. பேய்தான் புடிச்சிருச்சோன்னு வெச்சுப்புட்டேன்.”

பக்கங்கள் இறங்கும்வரை மேலே ஒயரைக் கழற்றி வைக்கலாமா என்று முதலாளியிடம் கேட்டேன்.

“தங்கச்சிகிட்டப் பேசாதேன்னு அவகிட்டச் சொல்லச் சொல்றியா? அப்பறம் ஊட்டுல எனக்குச் சோறு யாரு போடுவா?”

எங்களிடம் ‘நாளைக்கு வராதீங்க’ என்று சொல்ல மட்டும் வாய் வரும்.

ஆகஸ்ட் 20

மறுபடியும். இன்னொரு தடவை தாமதமானால் வேலையைப் பாண்டிச்சேரிக்கு மாற்றிவிடுவோம் என்றார் குணசீலன் சார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

டைப் அடிக்கும் பிரீத்தி பக்கத்தில் வந்து நின்றாள். “அக்கா, மறுபடியும் கோழிப்பண்ணைல முட்டை பொறுக்கத்தானா?”



ஆகஸ்ட் 21

நானே மாடி ஏறினேன். எங்கள் தெருக்காரர்களை வாசலோடு நிறுத்திப் பேசுகிற வீடு. இன்று நேராக உள்ளே போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் எடுத்திருப்பனா சாமி? எட்டுப் புள்ளைங்க பொழப்பாச்சே.”

அக்கா போன் மேல் துண்டைப் போட்டு மூடினார். இவ்வளவுதானா? இதைச் சொல்லவா அந்த மனுசனுக்கு வாய் வரல?

ஆகஸ்ட் 24

முக்கால்வாசி இறங்கியாயிற்று. அறுந்தது.

மாடிக்கு ஓடினேன். அக்கா சுவரோரம் நின்றார், கையில் துண்டு. ரிசீவர் முதலாளியின் காதில்.

“வேண்டாங்க, கீழ புள்ளைங்க வேலை நடக்குதுன்னு சொன்னேன் சாமி. மோடம் ஏன் இந்த இழுவை இழுக்குதுன்னு சேலத்துல எங்கண்ணனைக் கேக்கோணுமாம்.”

சிரிக்கறதா அழுவறதா நானு?

ஆகஸ்ட் 27

வேலை பாண்டிச்சேரிக்குப் போய்விட்டது.

முதலாளி எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துச் சொன்னார்: “மெசினு சரியில்ல. கலை எழுதிக் குடுத்ததத்தான் வாங்கியாந்தேன். நான் என்ன பண்ணட்டும்?”

பிரீத்தி என்னைப் பார்த்தாள். அவளும் நம்பிவிட்டாள்.

“அன்னைக்குப் போனை எடுத்தது யாருன்னு இவங்க முன்னால சொல்லுங்கண்ணா,” என்றேன்.

அவர் மோடத்தின் ஒயரை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார். மெதுவாக, ஒழுங்காக. சுற்றி முடித்தும் நிமிரவில்லை.

“சொல்லுங்கண்ணா.”