துவைகல் கருப்பணார்

8.3.79, வியாழன்

உரக்கடையில் கொடுத்த டைரி. வீட்டுக்காரருக்கு எழுத நேரம் கிடையாது, எனக்கு வாயை அடக்கத் தெரியாது. அதனால் இது என்னிடம் வந்துவிட்டது.

இன்று மஞ்சள் வேக வைத்தோம். பக்கத்துக் காட்டு நல்லம்மாள் அக்கா வந்து கொப்பரை அடுப்புக்குத் தீப் போட்டுக் கொடுத்தாள். மத்தியானம் பஞ்சாயத்து குமாஸ்தா கந்தவேல் ஒரு சேதி கொண்டுவந்தார். சேலம் டவுனின் திட்ட எல்லையை நீட்டி எங்கள் ஊரையும் அதற்குள் சேர்த்துவிட்டார்களாம். லாரிகள் டவுனுக்குள் நுழையாமல் சுற்றிப் போக ரோடு வருமாம். "இனிமே நீங்களும் டவுனுக்காரங்கதானுங்க" என்று சிரித்தார். டவுன் எங்கே, இந்தச் சோளக்காடு எங்கே? எனக்குச் சிரிப்பு வரவில்லை.

14.3.79

அளக்க வந்தார்கள். சிவப்புச் சாயம் பூசிய முளையை எங்கள் கிணற்று மேட்டில் அடித்துவிட்டுப் போனார்கள். கிணற்றை மூடி அதன்மேல்தான் ரோடாம்.

வீட்டுக்காரர் சத்தம் போடுவார் என்று பார்த்தேன். போடவில்லை. மேட்டில் உட்கார்ந்து, "என்னையும் உள்ள போட்டு மூடச் சொல்லு தெய்வா" என்றார். சாப்பாடு போடச் சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் பயம். சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை அவர்.

நல்லம்மாள் அக்காவிடம் ஓடிப்போய் அழுதேன். "அவரு கெணத்துல உழுந்துருவாருக்கா." "பொறு சாமி, பாத்துக்கலாம்" என்று தலையைத் தடவினாள்.

15.3.79

அவர் எங்கே போனாலும் பின்னாலேயே போகிறேன். "ஏன் நாயாட்டம் பொறத்தாண்டியே வார?" என்று எரிந்து விழுந்தார். விழட்டும். கிணற்றில் விழாமல் இருந்தால் சரி.

19.3.79

நேற்று அவர் கூடவே ஓமலூருக்கு பஸ்ஸில் போகும்போது, முனியப்பன் கோயிலுக்காக ரோடு வளைந்து போவதைப் பார்த்தேன். இத்தனை வருஷம் பார்த்ததுதான், நேற்றுத்தான் கண்ணில் பட்டது. மனுஷன் அழுதால் சர்க்கார் நிற்காது. சாமி இருந்தால் தள்ளிப் போகும்.

நாமும் ஒரு சாமியை நட்டுவிடலாம் என்று அவரிடம் சொன்னேன். "பொய்ச்சாமி வெச்சா கண்ணு அவிஞ்சு போயிரும்" என்றார். "கெணறு போனா மட்டும் கண்ணு தெரியுமாங்க?" என்றேன்.

இன்று விடியுமுன் இரண்டு பேருமாகத் துவைகல்லைப் புரட்டி, கிணற்று மேட்டில் நிமிர்த்தி நட்டோம். மஞ்சள், குங்குமம், வேப்பிலை. கருப்பணார் என்று பேர் வைத்ததும் நான்தான்.

20.3.79

கல்லை நேராகப் பார்க்க முடியவில்லை. போன வாரம்வரை அதன்மேல் அழுக்குத் துணி அடித்தவள் நான்.

27.3.79

இந்தத் தடவை வேறு சர்வேயர், வயசானவர். கல்லைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார். "எவ்வளவு காலமா இருக்கு?" என்று கேட்டார். "எங்க பாட்டன் காலத்துலயிருந்துங்க" என்றார் வீட்டுக்காரர், வாய் கூசாமல். நான் வேப்பிலையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

படத்தை மடக்கிக்கொண்டே, "ரோட்டுக் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுடலாம்" என்றார் சர்வேயர். எந்தப் பக்கம் என்று நாங்கள் கேட்கவில்லை.

2.4.79

முளை இப்போது நல்லம்மாள் அக்காவின் கிணற்று மேட்டில்.

கடவுளே, இதை நான் நினைக்கவே இல்லை. நிஜமாகவே நினைக்கவில்லையா? இந்தப் பக்கம் தள்ளினால் பாறை, அந்தப் பக்கம் தள்ளினால் அவள் கிணறு. குருடிக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

11.5.79

எங்கள் சின்ன மகளுக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. கருப்பணாருக்குச் சேவல் நேர்ந்துகொண்டேன். யாருக்கு நேர்ந்தேன் — துவைகல்லுக்கா? கை தானாகக் கும்பிட்டுவிட்டது.

14.5.79

காய்ச்சல் இறங்கிவிட்டது. சேவல் அறுத்தோம். இப்போதுதான் நிஜமாகப் பயமாக இருக்கிறது.

10.8.79, ஆடி வெள்ளி

நல்லம்மாள் அக்கா பானையும் அரிசியுமாக வந்து கல்லுக்கு முன்னால் அடுப்புக் கூட்டினாள். பொறுக்க முடியாமல், "அக்கா, அது சாமியில்லீங்க்கா" என்றேன்.

"தெரியும். எஞ்சேலையும் உஞ்சேலையும் இதுலதான தொவச்சோம்."

"அப்பறம் எதுக்குங்க்கா பொங்க வெக்கற?"

"உங்கெணத்தக் காப்பாத்துச்சில்ல. எனக்கும் ஏதாச்சும் செய்யுதான்னு பாக்கறேன்."

பானை பொங்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு சொன்னாள்: "அன்னைக்கே அந்த சர்வேயருகிட்ட இது தொவைக்கற கல்லுன்னு சொல்லியிருப்பேன். உம்பட ஊட்டுக்காரரு உழுந்துருவாருன்னு அழுதயே, அதான் வாய மூடிக்கிட்டேன். நீ எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அப்பவே நானும் ஒரு கல்லு நட்டிருப்பேன். இப்ப நட்டா ரெண்டுமே பொய்யின்னு ஆயிரும்."

பொங்கலை இலையில் வைத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சின்னவளிடம் கொடுத்துவிட்டேன்.

21.2.80

அக்காவின் கிணற்றை இன்று மண் கொட்டி மூடினார்கள். வீட்டுக்காரர் பார்க்கப் போகவில்லை. மஞ்சள் காட்டில் குனிந்த தலை நிமிரவில்லை. நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. அவர் இருக்கிறார், கிணறு இருக்கிறது.

சாயந்திரம் அக்கா குடத்தோடு வந்தாள். கயிற்றை அவளிடம் கொடுக்காமல் நானே இறைத்து ஊற்றினேன். குடம் நிறைந்ததும் இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, "வாரேன்" என்று சொல்லாமல் போனாள்.